ஈயலம்பத்துக்குக் காற்றுத் தின்னப் போனது

இந்த மலாய் நாட்டில் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால், எதிரே வருகிற ஆள் கேட்கிற முதல் கேள்வி "பிகி மானா?" என்பது. எங்கே போகிறாய் என்று அர்த்தம். திருநெல்வேலிப் பக்கத்தில் புறப்பட்டுப் போகிறவரைப் பார்த்து இப்படிக் கேட்டால், போகிற காரியம் உருப்படாது என்று வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள். சகுனம் பார்ப்பது பாவம் என்று என் தகப்பனார் பிரசங்கமே செய்திருக்கிறார். ஆனாலும் யாராவது அவரைப் பார்த்து "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டால், "குடையை மறந்துட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் குளுவாங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வந்து குடியேறி, வழியில் கண்ட மலாய்க்காரர் ஒவ்வொருவருக்கும் கடைக்குப் போகிறேன், கறிவேப்பிலை வாங்கப் போகிறேன் என்று விவரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் பதிலை எதிர்பார்க்கவில்லை என்பதும், "ஜாலான் ஜாலான்", அதாவது சும்மா நடக்கிறேன், என்றால் போதும் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சும்மா நடப்பதற்கென்று ஒருத்தி வெயிலில் வெளியே போவாளா என்று நான் கேட்டால் இங்கே சிரிக்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை, ஊர் சுற்றிப் பார்க்கப் போவதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர். "மாக்கான் ஆங்கின்" என்கிறார்கள். காற்றைத் தின்பது என்று பொருள். போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தொப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஞானம், பண்டிகை முடிஞ்சதும் துரை லீவு குடுத்திருக்காரு. மாக்கான் ஆங்கின் போலாம்" என்றார். அவர் தோட்டத்தில் டிரசர். காயத்துக்கு மருந்து கட்டுவதிலிருந்து மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பதுவரை டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர் வேலை பார்க்கிறவர். இத்தனை காலத்தில் என்னை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. நான் சிங்கப்பூர் என்று நினைத்தேன். பெரிய கோயில், கடைத்தெரு, ஆறு வயது எஸ்தருக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு என்றெல்லாம் மனதுக்குள் திட்டம் போட்டுவிட்டேன்.

"சிங்கப்பூர் யாரு வேணும்னாலும் பாக்கலாம்" என்றார் அவர். "மெர்சிங் ரோட்டுல போயி உள்ள திரும்பினா ஒரு பழைய ஈயலம்பம் இருக்கு. ஒரு காலத்துல பெரிய டவுனு. பக்கத்துலயே வேட்டையாடக் கூடாதுன்னு கவர்மெண்டு ஒதுக்கி வச்ச காடு. வெள்ளைக்காரன்லாம் பாக்க வர்றான்."

ஈயலம்பம் என்பது ஈயம் தோண்டுகிற பள்ளம். அதாவது, மூடிப்போன குழிகளையும், யாரும் சுடக்கூடாத மிருகங்களையும் பார்ப்பதற்கு நாங்கள் பயணம் போகிறோம். எங்கள் ஊரில் ஒருவர் வண்டி கட்டினால் அதற்குக் கல்யாணமோ, சாவோ, திருவிழாவோ ஒரு காரணம் இருக்கும். மிஞ்சிப் போனால் குற்றாலம். அங்கேகூடத் தலையை அருவியில் கொடுத்தால் தலை நனையும், அதில் ஒரு பிரயோசனம் உண்டு. பாழடைந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிற பழக்கம் வெள்ளைக்காரனிடமிருந்து தொற்றுகிற வியாதி என்று எனக்குத் தோன்றியது. டிரசருக்கு அந்த வியாதிக்கு மட்டும் மருந்து தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறிக் குலுங்கிக் குலுங்கிப் போய், கிளைப்பாதையில் இறங்கி, அங்கிருந்து ஒரு சீனருடைய லாரியில் மண்ணெண்ணெய்த் தகரங்களுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். டவுன் என்று சொன்னார் அல்லவா, இரண்டு வரிசைக் கடைவீடுகள் எதிரும் புதிருமாக நின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பலகை அடித்திருந்தது. மாடிச் சன்னலிலிருந்து மரம் முளைத்திருந்தது. ஒரு காலத்தில் கூத்துக் கொட்டகையாக இருந்ததாம், அதற்குள் ஆடுகள் படுத்திருந்தன. திறந்திருந்தது ஒரே ஒரு மளிகைக் கடை, ஒரு சாராயக் கடை. தெருக்கோடிக்குப் பின்னால் பள்ளங்கள். வெள்ளை மணல் மேடுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி, துருசைக் கரைத்தாற்போல் பச்சையாக அசையாமல் கிடந்தது. என் கணவர் ஒவ்வொன்றையும் பார்த்து "அடடா, அடடா" என்றார். எஸ்தர் ஆட்டுக்குட்டி பார்க்க ஓடிவிட்டாள். நான் சாமான் மூட்டையின்மேல் உட்கார்ந்து, துருப்பிடித்த ஒரு நீராவி யந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் போலவே யாரோ சொன்னதைக் கேட்டுக் கடல் தாண்டி வந்ததுதான்.

நாங்கள் தங்கிய ரெஸ்ட் ஹவுஸைப் பாக் சாலே என்கிற மலாய்ப் பெரியவர் பார்த்துக்கொண்டார். மரியாதையான மனிதர். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். காப்பி கொண்டு வைத்துவிட்டு, எதிரே மேட்டில் தனியாக நின்ற ஒரு மரவீட்டைக் கையால் காட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "அம்மா, ரூமா சுடா சாத்" என்றார். ரூமா என்றால் வீடு, சுடா என்றால் ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியும். மூன்றாவது சொல் தமிழாகவே இருந்தது. வீடு சாத்தியாகிவிட்டது. பாவம், எனக்காகத் தமிழில் சொல்லப் பார்க்கிறார் என்று நினைத்து, "ஆமாம், எல்லாமேதான் சாத்திக் கிடக்கு" என்று பதில் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். என் கணவர் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் கல்யாணம் பேசியபோது என் தகப்பனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மலாய் நாட்டு மாப்பிள்ளை என்றால் பெண்ணைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போக வேண்டியதுதான் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். "பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போற வயசு வந்ததும் ஊருக்கு வந்துடணும்" என்றார் அப்பா. "வந்துடுறோம், மாமா" என்று அவர் வேதப் புத்தகம் இருந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். பினாங்குக்குப் பக்கத்துத் தீவில் எங்களை இறக்கி, ஆட்டு மந்தையைப் போல நிற்கவைத்து மருந்துத் தண்ணீர் தெளித்தபோதும், பிரசவத்தின்போது பக்கத்தில் ஒரு சொந்தமும் இல்லாமல் அலறியபோதும், எஸ்தர் பள்ளிக்கூடம் போகிற வயது வரட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டேன். அந்த வயது வந்துவிட்டது. ஊரில் அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பதுகூட முடிவாகியிருந்தது.

மறுநாள் காலை காடு பார்க்கப் போனோம். பாக் சாலே முன்னால் கத்தியால் கொடிகளை வெட்டிக்கொண்டு நடந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும், அப்பா தோளில் உட்கார்ந்து எஸ்தரும் பின்னால் போனோம். வெயிலே தரையில் விழாத காடு. நடந்தோம், நடந்தோம். ஓரிடத்தில் பாக் சாலே நின்று, சேற்றில் அகலமான பள்ளம் ஒன்றைக் காட்டி, "காஜா" என்றார். யானை. அதாவது யானையின் கால் தடம். இன்னும் கொஞ்ச தூரம் போய் யானையின் சாணம். அதற்கப்புறம் யானை உடம்பைத் தேய்த்துக்கொண்ட மரம்.

"யானை எங்கங்க?" என்றேன்.

"அது எங்கயாவது இருக்கும். அது சுதந்திரமா இருக்குன்னு நெனச்சுப் பாரு" என்றார் அவர், பரவசத்தோடு.

திருநெல்வேலியில் யானை தானாகவே தேரடிக்கு வந்து நிற்கும். காலணாவுக்குத் தலையில் தும்பிக்கை வைத்து ஆசீர்வாதமும் செய்யும். வேதக்காரப் பிள்ளைகள் வாங்கக்கூடாதுதான், ஆனால் வாங்குவோம். இங்கே அரைநாள் நடந்து சாணத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். ரெஸ்ட் ஹவுஸுக்கு வந்து பார்த்தால் என் காலில் அட்டைகள் ஒட்டிக்கொண்டு கொழுத்திருந்தன. அவர் உப்பைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். "நல்ல காத்து இல்ல?" என்று வேறு கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூற்றல் போட்டு ஓய்ந்தது. எஸ்தர் எங்கேயோ விளையாடிவிட்டு ஓடி வந்து என் புடவையைப் பிடித்தாள். புடவையில் ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்தது.

"என்னடி இது?"

"சாத்தும்மா. அந்த மேட்டு வீட்டுக் கதவுல."

"சாத்தியிருக்கிற கதவுல எப்படிடி கை பச்சையாகும்?"

எஸ்தர் இந்த நாட்டில் பிறந்தவள். ஆயாவிடம் மலாய் கேட்டு வளர்ந்தவள். என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "சாத்துன்னா மூடுறது இல்லம்மா. பெயிண்டு. வீட்டுக்குப் பெயிண்டு அடிச்சாச்சுன்னு பாக் சாலே தாத்தா சொன்னாரு. டிரசர் வீடாம்" என்றாள்.

என் கணவர் படியில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்த டிரசரு வீடுங்க அது?"

அவர் நிமிரவில்லை. "லம்பத்தை மறுபடியும் தொறக்கப் போறாங்க, ஞானம். புதுக் கம்பெனி. ஆஸ்பத்திரி கட்டுறாங்க. என்னைக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ வந்து பாத்ததும் சொல்றேன்னு சொன்னேன்."

"நான் பாக்கறதுக்கு முன்னாடியே பெயிண்டு அடிச்சுட்டாங்களா?"

"அது அவங்களா அடிச்சது."

"எங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? எஸ்தரு பள்ளிக்கூடம் போற வயசு வந்ததும்னு சொன்னீங்களா இல்லையா? இங்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்க? கூத்துக் கொட்டகையில ஆட்டோட உக்காந்து படிக்கணுமா?"

"உங்கிட்ட முன்னாடியே கேட்டா மாட்டேன்னு சொல்லுவே."

"மாட்டேன்னுதான் சொல்லுவேன். அதனாலதான் கேக்கணும்!"

இன்னும் நிறையச் சொன்னேன். எழுத்தில் வேண்டாம். பாக் சாலே மரியாதையாகப் பின்கட்டுக்குப் போய்விட்டார். நாளைக் காலை முதல் லாரியில் நானும் எஸ்தரும் குளுவாங் போகிறோம், அங்கிருந்து ரயில், அப்புறம் கப்பல், நீங்கள் இந்தக் குழிக்குள்ளேயே இருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பள்ளத்துப் பக்கமிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது.

இந்த இடத்தில் லம்பம் மூடினாலும், சீனப் பெண்கள் சிலர் பழைய ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, துலாங் என்கிற அகன்ற மரத்தட்டில் மணலை அலசி, மிச்சமிருக்கிற ஈயத்தைப் பிரித்தெடுத்துப் பிழைக்கிறார்கள். மழையில் ஊறிய மணல் மேடு சரிந்து அவர்களில் ஒருத்தியின் மேல் விழுந்திருந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மற்ற பெண்கள் அந்தத் தட்டுகளாலேயே மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மார்புக்குமேல்தான் வெளியே தெரிந்தது. என் கணவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். எஸ்தரைப் பாக் சாலேயிடம் விட்டுவிட்டு நானும் இறங்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கைதான் முந்திக்கொண்டது.

அவளை வெளியே எடுத்தபோது ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத விதமாக மடங்கி, இரத்தம் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் தொடையில் துணியைக் கட்டி, குச்சியைச் செருகி முறுக்கினார். "பலகை வேணும். ஆளைப் படுக்க வைக்கிற மாதிரி நீளமா" என்றார். சுற்றிலும் எல்லாம் உளுத்த பலகைகள். மேட்டில் இருந்த வீட்டைப் பார்த்தேன். "அந்தக் கதவக் கழட்டுங்க!" என்று கத்தினேன். பாக் சாலேயும் இரண்டு ஆட்களும் ஓடிப்போய்க் கீலிலிருந்து கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயிண்டு இன்னும் சரியாகக் காயவில்லை. அந்தப் பெண்ணின் தலைமுடியிலும் கன்னத்திலும் என் கைகளிலும் பச்சை ஒட்டிக்கொண்டது. அப்படியே லாரியில் ஏற்றி மெர்சிங் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அவள் பெயர் ஆ லான். என் வயதுதான் இருக்கும். லாரி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் என் கையைப் பிடித்து நெரித்தாள். என் கணவர் கட்டைப் பிடித்தபடி, இரத்தம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். அவள் மயங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். எனக்கு வந்த மலாய் எல்லாம் சந்தை மலாய். மீன் என்ன விலை, குறைத்துக் கொடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எதையெதையோ சொன்னேன். அவள் வலியிலும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அவளே கேட்டாள்: "லு திங்கால் சினி?"

லு என்றால் நீ, சினி என்றால் இங்கே. திங்கால் என்கிற சொல்லை நான் கேட்டதெல்லாம் யாராவது பிரியும்போதுதான். 'சலாமாட் திங்கால்' என்பார்கள். ஆகவே, இங்கேயிருந்து கிளம்புகிறாயா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மனதில் இருந்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து, "திங்கால்! ஈசோக் திங்கால்!" என்றேன். நாளைக்கே கிளம்புகிறேன் என்று சொன்னதாக நினைப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்து, ஏதோ சீனத்தில் சொன்னாள். கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. நான் போவதற்காக இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

மெர்சிங்கில் டாக்டர் பார்த்துவிட்டு, காலை எடுக்க வேண்டியதில்லை, கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தால் உயிரே தங்கியிருக்காது என்றார். இரவே ரெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் காலை அங்கே ஆ லானுடைய கூட்டாளிப் பெண்கள் வந்தார்கள். ஒரு கூடையில் கருவாடும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, "திங்கால், திங்கால்" என்று மாறி மாறிக் கும்பிட்டார்கள். அவர்கள் போனதும் என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"திங்கால்னா தங்குறது, ஞானம். போறவங்க இருக்கிறவங்களப் பாத்து 'நல்லபடியா இரு'ன்னு சொல்றதுதான் அது. நாளையிலேர்ந்து இங்கேயே குடியிருக்கப் போறேன்னு நீ ஆ லான்கிட்ட சொல்லிட்டே. லாரிக்காரரு சொல்லி லம்பம் முழுக்க அதான் பேச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கருவாட்டுக் கூடையைப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். எந்தப் பைத்தியக்காரப் பாஷையில் தங்குவதற்கும் பிரிவதற்கும் ஒரே சொல் வாயில் வரும்? "சிரிக்காதீங்க. நான் சொன்னது செல்லாது" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "செல்லாது. உண்மைதான். உன்னைக் கேக்காம நான் செஞ்சது தப்பு. ஊருக்குத்தான் போணும்னா போலாம். மாமாகிட்ட குடுத்த வாக்கு இருக்கு. கம்பெனிக்காரங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று பாளையங்கோட்டையில் இருந்திருப்பேன். போகிறபோக்கில், "அடுத்த மண்ணு சரிஞ்சா யாரு இருப்பாங்கன்னுதான்..." என்று இழுத்தார்.

அவரோடு சண்டை போடலாம், கம்பெனியோடு சண்டை போடலாம், அந்த லாரியில் என் கையைப் பிடித்திருந்த கையோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அதுதான். நல்ல மனதோடு சம்மதித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வழி தெரியாமல் சம்மதித்தேன். எஸ்தருக்கு நானே பாடம் சொல்லித் தருவேன், அதற்கு ஓர் அறை தனியாக வேண்டும், மேல்வகுப்புக்கு அவளை ஊருக்கு அனுப்ப வேண்டும், இதையெல்லாம் என் அப்பாவுக்கு நீங்களே உங்கள் கைப்பட எழுத வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஆண்கள் சரி என்பது எவ்வளவு சுலபம்! என் அப்பா பதிலே எழுதவில்லை. என் தம்பி மட்டும் எழுதுகிறான்.

இப்போது நாங்கள் அந்த மேட்டு வீட்டில்தான் இருக்கிறோம். ஆ லான் கோலூன்றி நடந்து வந்து சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து எனக்கு மலாய் திருத்துகிறாள். அவளுடைய மலாயும் தப்பு என்கிறாள் எஸ்தர். எஸ்தரும் அவளோடு சில சீனப் பிள்ளைகளும் தனியறையில் என்னிடம் எண்ணும் எழுத்தும் படிக்கிறார்கள். "அம்மா, நம்ம ஊர்ல யானை இருக்கா?" என்று எஸ்தர் கேட்டால், எந்த ஊரைச் சொல்கிறாள் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இது மார்கழி. கடற்பக்கத்துக் காற்று திரும்பி, நாள் கணக்கு மறந்துபோகும்படி மழை கொட்டுகிறது. லம்பப் பள்ளங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மெர்சிங் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. அரிசி குறைந்துகொண்டு வருகிறது. பாதை மூடுவதற்கு முன் கடைசியாக வந்த தபாலில் தம்பி எழுதியிருந்தான்: கார்த்திகையும் பிறந்துவிட்டது, ஒரு பொட்டு மழை இல்லை, குளம் வெடித்துக் கிடக்கிறது, அப்பா கோயிலில் மழைக்காக உபவாச ஜெபம் நடத்துகிறார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆராதனைக்கு, லம்பத்தில் தண்ணீர் இறைக்கிற பம்பு டிரைவரும் அவர் மனைவியும் முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தார்கள். ஜெபம் என் முறை. "ஆண்டவரே, எங்க ஊருக்கு மழையைத் தாரும்" என்று ஆரம்பித்தேன். பம்பு டிரைவரின் மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எஸ்தர் ஒரு கண்ணைத் திறந்து, "அம்மா, போதும்மா, பெய்யுதே" என்று என் முழங்கையை இழுத்தாள். என் கணவர் தலை குனிந்தபடியே இருந்தார். நான் நிறுத்தவில்லை. தகரக் கூரையில் விழுகிற மழைக்கு மேலே கேட்கும்படி குரலை உயர்த்தி, மழை வேண்டும், மழை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.